எழுத வருகுதில்லையா? எங்கே தடைப்படுகிறது என்று பாருங்கள்

"இப்ப எழுதுறதில்லையா?" என்று ஊரில் யாரைக் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "எழுத வருகுதில்ல." ஒரு காலத்தில் பத்திரிகைகளில் கவிதை எழுதிய ஆசிரியர் இதைத்தான் சொல்கிறார். ஆய்வுக்கட்டுரை ஒன்றுக்குக் குறிப்பெல்லாம் சேர்த்து லாச்சிக்குள் வைத்திருக்கிற மௌலவியும் இதைத்தான் சொல்கிறார். மூத்தம்மாவுக்குப் பாடமான கவிகளை எழுதி வை பிள்ளை என்றால், பேத்தியும் இதையே சொல்கிறாள்.

வாசகம் ஒன்று. ஆனால் சொல்பவர்களுக்கு இருக்கிற வருத்தம் ஒன்றல்ல. காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே குளிசை கொடுத்தால் சிலருக்குச் சுகம் வரும், சிலருக்கு வராது. எழுத்துத் தடையும் அப்படித்தான். "தினமும் எழுதுங்கள்", "நிறைய வாசியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகள் சிலருக்குப் பலிப்பதும் சிலருக்குப் பலிக்காமல் போவதும் இதனால்தான். எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். எழுத ஏலாமல் வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளையும் பெரியவர்களையும் அருகிருந்து கண்டவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த ஐந்து காரணங்களையும் அவற்றுக்கான வழிகளையும் இங்கே சொல்கிறேன்.

விதி விலங்காகும்போது

எழுத்தாளரின் தடை என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் கொடுத்தவர் எட்மண்ட் பேர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர். அது 1947இல். அவர் இதற்கான காரணத்தை மனிதனின் குழந்தைப் பருவத்து ஆழ்மனத்தில் தேடினார். அதை நம்பினால் எழுத முடியாதவர் எல்லாரும் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பிறகு வந்த ஆய்வுகள் வேறு இடத்தில் தேடின. அவற்றில் ஆசிரியர்களாகிய நாங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது மைக் ரோஸ் என்பவருடையது. லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பத்து மாணவர்களை எடுத்து அவர் ஆராய்ந்தார். ஐந்து பேர் எழுதத் தடுமாறுகிறவர்கள், ஐந்து பேர் தடையில்லாமல் எழுதுகிறவர்கள். 1980இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: தடுமாறியவர்கள் திறமை குறைந்தவர்களல்லர். அவர்களுக்குத் தெரிந்த எழுத்து விதிகளைக் கல்லில் வெட்டிய கட்டளைகளாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரியே வாசகரை இழுக்க வேண்டும் என்று ஒருவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். ஒவ்வொரு வசனமும் பிழையில்லாமல் அமைந்தால்தான் அடுத்த வசனத்துக்குப் போவேன் என்று இன்னொருவர். திட்டம் போடுவதிலேயே நாட்களைக் கழித்து, எழுத நேரமில்லாமற் போனவர் வேறொருவர். தடையில்லாமல் எழுதியவர்களுக்கும் விதிகள் தெரியும். ஆனால் ஒரு விதி உதவவில்லை என்றால் அதை ஒதுக்கிவிட்டுப் போகிற துணிச்சல் அவர்களிடம் இருந்தது.

இதை எங்கள் வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். "கட்டுரையைப் பழமொழியில் தொடங்கினால் நல்லது", "முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற ஒழுங்கு வேண்டும்", "பேச்சுச் சொல் வரக்கூடாது" என்கிறோம். பரீட்சைக்கு இவை பயன்படலாம். ஆனால் பரீட்சை முடிந்து இருபது வருடத்துக்குப் பிறகும், நாற்பது வயது மனிதர் ஒருவர் தன் வாப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்து, பொருத்தமான பழமொழி கிடைக்கவில்லை என்று பேனையை மூடி வைக்கிறார்.

இப்படியானவர்களுக்கு வழி எளிது. முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். உங்களுக்கு எது நன்றாகத் தெரியுமோ அங்கே தொடங்குங்கள். அது நடுவாக இருந்தாலும் சரி, முடிவாக இருந்தாலும் சரி. பீற்றர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இல் ஒரு நூலில் பரிந்துரைத்த பயிற்சியும் உதவும். பத்து நிமிடம் கையை எடுக்காமல் எழுத வேண்டும். வெட்டக்கூடாது, திருத்தக்கூடாது, திரும்பி வாசிக்கக்கூடாது. ஒன்றும் வரவில்லையென்றால் "ஒன்றும் வரவில்லை" என்றே எழுத வேண்டும். எழுதுகிற வேலையையும் திருத்துகிற வேலையையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் எங்களைத் தேங்க வைக்கிறது. ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது.

நாவுக்கும் பேனைக்கும் நடுவில்

இரண்டாவது காரணம் எங்களுக்கு மிகவும் நெருக்கமானது. நாங்கள் நினைக்கிற தமிழ் ஒன்று, எழுதலாம் என்று எங்களுக்குக் கற்றுத் தரப்பட்ட தமிழ் இன்னொன்று. "மவ்த்தாகிட்டார்" என்று மனம் சொல்லும்; கை "காலமானார்" என்று எழுதும். "ஏலாது" என்று நாக்கு சொல்லும். தாளில் "இயலாது" என்று வரும். ஒவ்வொரு சொல்லையும் இப்படி மாற்றி மாற்றி எழுதுகிறவருக்கு மூன்று வசனத்தில் களைப்பு வந்துவிடும். அதைத்தான் அவர் "எழுத வருகுதில்ல" என்கிறார்.

சுனாமியைப் பற்றிப் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் எழுதியது: "2004 டிசம்பர் 26ஆம் திகதி ஏற்பட்ட ஆழிப்பேரலை அனர்த்தத்தினால் பாரிய உயிர்ச்சேதங்களும் பொருட்சேதங்களும் ஏற்பட்டன." பிழையில்லாத வசனம். எவரும் எழுதியிருக்கலாம். அவனுடைய உம்மம்மா அன்றைக்குக் கடற்கரைப் பக்கம் இருந்தவர் என்று தெரிந்ததால், அவர் சொல்வதை அப்படியே எழுதிக் கொண்டு வா என்று அனுப்பினேன். இரண்டாவது தாளில் இப்படி இருந்தது: "அடுப்புல ரொட்டி கிடந்த மகன். ஆக்கள் கத்திக்கிட்டு ஓடி வாறாங்க. எனக்கு என்ன விளங்கின? அடுப்ப அணைச்சிட்டுப் போவம் எண்டு நிண்ட."

அடுப்பை அணைக்க நின்ற அந்த ஒரு நிமிடம் முதல் தாளில் இல்லை. "அனர்த்தம்" என்ற சொல்லுக்குள் அது வராது. பிள்ளைக்கு எழுதத் தெரியவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்; உண்மையில் அவனுக்கு எழுத அனுமதி இருக்கவில்லை.

இந்தச் சண்டை புதியதல்ல. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் மரபுப் போராட்டம் என்ற பெயரில் இது பெரிய விவாதமாக நடந்தது. பேச்சுமொழி கலந்த எழுத்தை இழிசனர் இலக்கியம் என்று பண்டிதர்கள் ஒதுக்கினார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் அதை எதிர்த்து வாதாடினார்கள். இன்று சிறுகதையிலும் நாவலிலும் பேச்சுமொழி வருவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் விவாதத்தில் தோற்ற கருத்து எங்கள் மனதுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

கேரளத்து வைக்கம் முகம்மது பஷீர் மாப்பிள்ளை முஸ்லிம்களின் வீட்டுப் பேச்சை அப்படியே மலையாள இலக்கியத்துக்குள் கொண்டு வந்தார். தன் எழுத்தில் இலக்கணப் பிழை கண்டுபிடித்துச் சண்டைக்கு வந்த தம்பியைப் பற்றி அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்த தோப்பில் முகம்மது மீரான் மலையாள வழியில் படித்தவர். பண்டிதத் தமிழ் வரும்வரை காத்திருக்காமல் தன் ஊர்ப் பேச்சில் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எழுதி 1988இல் நூலாக்கினார். பின்னர் 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார்.

இன்னும் பின்னுக்குப் போனால் அறபுத்தமிழ் இருக்கிறது. அறபு எழுத்தில் தமிழை எழுதி வாசித்தவர்கள் எங்கள் முன்னோர். பள்ளிக்கூடம் போய்த் தமிழ் நெடுங்கணக்கைப் படிக்காத பெண்கள்கூட, ஓதப் படித்த எழுத்தைக் கொண்டு மார்க்க நூல்களை வாசித்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் அந்த எழுத்தில் நூல்கள் செய்தார்கள். இருக்கிற கருவியைக் கொண்டு எழுதுவது எங்களுக்குப் பழக்கமான காரியம்தான்.

ஆகவே முதற்பிரதியை உங்கள் வாயில் வருகிற தமிழில் எழுதுங்கள். கை ஓடவில்லை என்றால் போனில் பேசிப் பதிவு செய்து, பிறகு கேட்டு எழுதுங்கள். ஆய்வுக்கட்டுரையாக இருந்தாலும் பரவாயில்லை. "நான் சொல்ல வாறது என்னெண்டா..." என்று தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்துவதுபோல எழுதுங்கள். எழுத்துத்தமிழுக்கு மாற்ற வேண்டியதை இரண்டாவது பிரதியில் மாற்றலாம். மாற்றும்போது எந்தச் சொல்லை மாற்றினால் பொருளும் போய்விடுமோ, அதை மாற்றாமல் விட்டுவிடுங்கள்.

"ஆர் என்ன சொல்லுவாங்க?"

மூன்றாவது காரணம் பயம். சிறிய ஊரில் எழுதுவது கஷ்டமான வேலை. கதையில் கஞ்சத்தனமான ஹாஜியார் ஒருவர் வந்தால், அது தான்தான் என்று மூன்று ஹாஜியார்கள் கோபிப்பார்கள். பெண் எழுதினால் இன்னும் சிக்கல். அவள் எழுதிய காதல் கவிதையை அவளுடைய சொந்தக் கதையாகவே வாசிப்பார்கள். தமிழ்நாட்டில் துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் ஒளித்து எழுதியவர். சல்மா என்பதே ஒரு புனைபெயர்தான். அப்படி எழுதியவரிடமிருந்துதான் 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற பெரிய நாவல் வந்தது.

இந்தப் பயத்தைப் பொய்யென்று சொல்ல மாட்டேன். மற்றவரின் மானத்தைப் பாதுகாப்பது எங்களுக்குக் கடமை. புறம் பேசுவது பாவம். ஆனால் எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு. எழுதும்போது உங்களுக்கு முன்னால் இருப்பது தாள் மட்டும்தான். எதை வெளியே விடுவது, எந்தப் பெயரை மாற்றுவது, எந்த ஊரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதெல்லாம் எழுதி முடித்த பிறகு நிதானமாக எடுக்க வேண்டிய தீர்மானங்கள். வெளியிட வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தாலும் குற்றமில்லை. எழுதி மூடி வைத்த கொப்பியைப் பத்து வருடத்துக்குப் பிறகு திறக்கலாம்; எழுதாததைத் திறக்க ஏலாது.

நேரம் வரும் என்று காத்திருப்பது

"பென்ஷன் எடுத்த பிறகு ஆறுதலாக எழுதலாம்" என்கிறவர்கள் எங்கள் ஆசிரியர்களுக்குள் நிறையப் பேர். பென்ஷன் எடுத்த பிறகும் எழுதியவர்கள் அநேகமாக அதற்கு முன்பும் எழுதியவர்கள்தான்.

நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய இங்கிலாந்தின் அந்தனி ட்ரொலப், அவற்றில் பலவற்றைத் தபால் திணைக்களத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். மணிக்கூட்டை முன்னால் வைத்து, கால் மணித்தியாலத்துக்கு 250 சொல் என்று கணக்கு வைத்து எழுதினார். 1883இல் அவர் மறைவுக்குப் பின் வந்த சுயசரிதையில் இதை வாசித்த சிலர் முகம் சுளித்தார்கள். கலைஞன் கடைக்காரனைப்போலக் கணக்குப் பார்ப்பதா என்பது அவர்களின் கேள்வி.

எங்கள் சித்திலெவ்வை மரைக்காரைப் பாருங்கள். சட்டத்தொழில் பார்த்தவர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டுமென்று ஓடித்திரிந்தவர். இத்தனைக்கும் நடுவில்தான் 1885இல் 'அஸன்பேயுடைய கதை' வந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று அதைச் சொல்கிறோம். ஆறுதலான நேரம் வரட்டும் என்று அவர் இருந்திருந்தால் எங்களுக்கு அந்த நாவல் கிடைத்திராது.

மனம் கனிந்து வரும்போது எழுதுவதுதான் நல்ல எழுத்து என்று ஒரு நம்பிக்கை உண்டு. ரொபர்ட் பொய்ஸ் என்ற உளவியலாளர் இதைப் பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் சோதித்துப் பார்த்தார். மனம் வந்தால் எழுதியவர்களைவிட, மனம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் எழுதியவர்கள் அதிக பக்கம் எழுதினார்கள். புதிய யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன. உட்கார்ந்த பிறகுதான் மனம் வருகிறது.

எவ்வளவு எழுதினால் போதும்? ஒரு நாளைக்கு நூறு சொல் போதும். கொப்பியில் அரைப் பக்கம். வாரத்தில் ஐந்து நாள் என்றால் வருடத்துக்கு 26,000 சொல். அது ஒரு சிறுநூல். சுபஹுக்குப் பிறகு கிடைக்கிற கால் மணித்தியாலத்தில் எழுதலாம். அந்த நேரம் அடுப்படிக்குப் போகிற பெண்களுக்குப் பிள்ளைகள் ரியூசன் போன நேரம் கிடைக்கலாம். வீட்டில் ஒருவர் எழுதுகிறார் என்றால், அந்தக் கால் மணித்தியாலம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மற்றவர் செய்கிற இலக்கியச் சேவை.

இன்னொன்று. எழுதுவது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அடுத்து என்ன வரும் என்று தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஹெமிங்வே சொன்ன வழி இது. பாதி வசனத்தில்கூட நிறுத்தலாம். மறுநாள் வெற்றுத்தாளைப் பார்த்து முழிக்க வேண்டியிருக்காது.

கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது

ஐந்தாவது காரணம் உள்ளே ஒன்றும் இல்லாமல் இருப்பது. இங்கே பயிற்சி உதவாது. தண்ணீர் இல்லாத கிணற்றில் வாளியை எத்தனை தரம் விட்டாலும் மண்தான் வரும். எழுத உட்காருவதை நிறுத்திவிட்டு, வெளியே போய்க் கேட்க வேண்டும், பார்க்க வேண்டும், வாசிக்க வேண்டும்.

கேட்க ஆளில்லையா? எங்கள் வயல்காரப் பெரியவர்களிடம் போங்கள். சூடு மிதித்த காலத்தில் களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி என்பார்கள். களவெட்டிக்கென்று தனிப் பேச்சு இருந்தது. அறுவடை மெசின் வந்த பிறகு களவெட்டியும் இல்லை, அந்தப் பேச்சும் இல்லை. அதைப் பேசியவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர்களில் அன்று முப்பது வயதாக இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எந்தத் திறப்பை இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டுரை இருக்கிறது.

அதே நேரம், எழுத்து மட்டுமல்ல, தூக்கமும் பசியும் யாரோடும் கதைக்கிற ஆசையும் சேர்ந்தே போயிருந்தால், அது எழுத்துத் தடையல்ல. துக்கமோ நோயோ இருக்கலாம். அவர் எழுதாமல் இருக்கட்டும். முதலில் வைத்தியரைப் பார்க்கட்டும்.

ஆர்வம் எங்கிருந்து வரும்?

இவ்வளவும் சரி, எழுதுவதற்கான ஆசையே வரவில்லை என்றால்? ஆர்வம் உள்ளேயிருந்துதான் பொங்கி வரவேண்டும் என்று நினைக்கிறோம். நான் கண்டதில் அது அநேகமாக வெளியிலிருந்து வருகிறது. எங்கோ ஒருவர் காத்திருக்கிறார் என்பதுதான் ஆர்வம். பத்திரிகையின் முடிவுத் திகதி, வானொலி முஸ்லிம் சேவைக்குப் பிரதி அனுப்ப வேண்டிய நாள், "எங்க மகள் நீங்க எழுதினது?" என்று கேட்கிற ஒரு சேர்: இவைதான் எங்கள் ஊர்களில் பலரை எழுத வைத்தன.

ஆகவே ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருவர் சேர்ந்து, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஆளுக்கு இரண்டு பக்கம் கைமாற்றுவது என்று பேசிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் விமர்சனம் வேண்டாம். வாசித்தேன், இந்த இடம் பிடித்தது, இந்த இடம் விளங்கவில்லை, அவ்வளவு போதும். எழுதாமல் வந்தால் வெறுங்கையோடு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வெட்கம் நல்லது.

நாங்கள் எழுதாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். எழுதத் தெரிந்த வேறு யாராவது வந்து எங்களைப் பற்றி எழுதுவார்கள், எழுதவும் செய்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் ஒரு புள்ளிவிபரம், ஒரு வாக்கு வங்கி, அல்லது ஒரு பிரச்சினை. அடுப்பை அணைக்க நின்ற அந்த உம்மம்மாவை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பேரன் எழுதினால்தான் உண்டு.

ஐந்தில் உங்களுடையது எது என்று இன்றிரவு பாருங்கள். விதியா, மொழியா, பயமா, நேரமா, வெறுமையா? ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். அதற்குரியதை மட்டும் ஒரு மாதம் செய்து பாருங்கள். பொலி என்ற சொல்லைச் சொன்னவர் அடுத்த வருடமும் திண்ணையில் இருப்பார் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர ஏலாது. கொப்பியை எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு அவரிடம் போங்கள். மிச்சத்தை அவரே சொல்லுவார்.